நான் ஆப்பிரிக்கா படிக்கப் போன கதை

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் இண்டர்மீடியட் தேறினேன். ரிசல்ட் பார்க்கப் போன இடத்தில், கல்லூரி அறிவிப்புப் பலகையில் இன்னொரு தாளும் ஒட்டியிருந்தது. அந்த வருஷத்திலிருந்து புதிதாக ஒரு பி.ஏ. ஆனர்ஸ். உலகத்தில் ஏதாவது ஒரு பிரதேசத்தை எடுத்துக்கொண்டு அதன் பூகோளம், சரித்திரம், அரசியல், வியாபாரம், மற்ற நாடுகளோடு அதற்குள்ள உறவு எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். கிழக்கு ஆசியா, மேற்கு ஆசியா, ஆப்பிரிக்கா. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். என் நம்பரைத் தேடுவதை விட்டுவிட்டு அந்தத் தாளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். நான் பாஸ் ஆனதை என் சிநேகிதன்தான் பார்த்துச் சொன்னான்.

அவன் மாடவீதிப் பையன். "டேய், நீ பாஸ்டா! அங்க என்னத்தைப் பார்த்துண்டு நிக்கறே?" என்றான். தாளைக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இதைப் படிச்சுட்டு என்ன பண்ணுவே? எங்காத்துல எனக்குக் கணக்குன்னு முடிவே பண்ணிட்டா."

"நான் ஆப்பிரிக்கா படிக்கப் போறேன்."

"அதுக்கு எதுக்குடா காலேஜ்? உங்கப்பா மூட்டையோட கப்பல்ல ஏறிப் போயிடேன்."

அவன் கிண்டலுக்குக் காரணம் இருந்தது. கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டின் முன்பகுதிதான் அத்தாவின் கிடங்கு. அவர் மெட்ராஸ் கைக்குட்டை வியாபாரி. பெயர்தான் கைக்குட்டை. சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட ஒவ்வொரு துண்டும் எட்டு கஜம் இருக்கும். இத்தனை பெரிய கைக்குட்டையில் மூக்குச் சிந்துகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருப்பான் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். சைதாப்பேட்டைத் தறிகளிலிருந்து அத்தா வாங்குவார், பொதியாகக் கட்டிக் கப்பலேற்றுவார். அது லண்டன் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா போகும். மெட்ராஸில் அதை ஒருவரும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அங்கே யார் கட்டுகிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் அத்தாவுடைய அத்தாவும் இதே வியாபாரம்தான் செய்தார். அவருக்கும் தெரியாது.

அன்று சைக்கிளைக் கடற்கரை ரோட்டில் விட்ட வேகத்துக்கு எதிர்க்காற்றில் கண்ணில் நீர் வந்தது. வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனேன். எனக்குப் பாட்டு வராது என்பது வேறு விஷயம்.

புதுப் படிப்பைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அத்தா சிரித்தார். "பாஸ் பண்ணிட்டியா, சந்தோஷம். காமர்ஸ் சேந்துக்கோ. கடல் கடந்த ஊருங்களப் பத்திப் படிச்சு இன்னா ஆவப் போவுது? நாப்பது வருசமா அவங்களோட வியாபாரம் பண்றேன். எனக்குத் தெரியாததையா வாத்தியாரு சொல்லிடப் போறாரு?"

அம்மா மட்டும், "புள்ள கேக்குறான்ல, என்னான்னுதான் விசாரிங்களேன்" என்றாள். அத்தா விசாரிக்கவில்லை. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தாவின் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது. எனக்கு எரிச்சலான எரிச்சல். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு பொதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் கப்பல் இல்லாமல் எங்கள் வியாபாரம் நின்றே போயிருந்தது. யுத்தம் முடிந்து, முந்தின வருஷக் கடைசியில் முதல் ஆர்டர் வந்தபோது அத்தா புதுமாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். எங்கள் வீடுகளில் விருந்தாளி கிளம்பும்போது மணிக்கட்டில் அத்தர் தடவாமல் அனுப்ப மாட்டோம். அத்தர் தடவிவிட்டால் மரியாதை செய்தாயிற்று என்று அர்த்தம். இத்தனை வருஷம் கழித்துப் போகிற சரக்கு, அதை வெறுமனே அனுப்புவதா? பொதியின் வாயைத் தைப்பதற்கு முன்னால் உயர்ந்த ரோஜா அத்தரை எடுத்துவந்து மடிப்பு மடிப்பாகத் தெளித்தார். தெருவே மணத்தது. "பிரிக்கும்போது பாரு, அசந்து போயிடுவாங்க" என்றார்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முதல்நாள், லண்டன் கம்பெனியின் மெட்ராஸ் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தார். வெற்றிலைத் தட்டைத் தொடாமல் சொன்னார்.

"பாய், ஆப்பிரிக்காவுல சரக்கு வாணாம்னுட்டாங்க. இது மெட்ராஸ் துணியே இல்லன்றாங்க."

"இன்னாய்யா சொல்ற? அதே தறி, அதே சாயம்!"

"அவங்க துணியக் கண்ணால பாக்கறதுக்கு மின்னாடி மூக்குல வச்சுப் பாக்கறாங்களாம். சாயம், மஞ்சள், நல்லெண்ணெ, அந்த வாசன இருந்தாத்தான் அசல் மெட்ராஸ். போலித் துணி நெறைய வருதாமே, அதக் கண்டுபுடிக்க அதான் வழியாம். நீ அனுப்புனதுல பூ வாசன வருதாம்."

அத்தா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. அந்த எண்ணெய் வாசனை எங்களுக்கு எப்போதும் ஒரு குறைதான். கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் அம்மா துணிமணிகளைக் கிடங்குப் பக்கமே வைக்க விடமாட்டாள். குறை என்று நினைத்து எதை ஒதுக்கினோமோ, அதைத்தான் அங்கே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்!

"சரி, அந்தத் துணிய வச்சிக்கினு அவங்க இன்னா பண்றாங்க? அதயாவது சொல்லு" என்று கேட்டார் அத்தா.

"எனுக்கு இன்னா தெரியும், பாய்? லண்டன்ல கேட்டா அவனுக்கும் தெரியாது."

அத்தாவின் நஷ்டத்துக்கு வருத்தப்பட வேண்டிய நேரம், நானோ துள்ளிக் குதிக்காத குறையாக, "அத்தா, இதுதான் அந்தப் படிப்பு! நான் சொன்னது இதைத்தான்!" என்று கத்திவிட்டேன். ஏஜெண்ட் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அத்தா எழுந்து அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில், "நாளைக்கு நானும் காலேஜுக்கு வரேன்" என்றார்.

லஸ் முனையில் டிராம் ஏறிப் போனோம். கறுப்புத் தொப்பியும் நீளக் கோட்டுமாக அத்தா விறைப்பாக உட்கார்ந்து வந்தார். புதுப் படிப்புக்குப் பொறுப்பான புரொபசர் எங்களை உட்காரச் சொன்னார். அத்தா சுற்றி வளைக்கவில்லை. மடித்து எடுத்துவந்த கைக்குட்டை ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"இது ஆப்பிரிக்காவுக்குப் போவுது. அங்க இத இன்னாத்துக்குக் கட்றாங்க? எங்க புள்ளைக்கு நீங்க சொல்லித் தருவீங்களா?"

புரொபசர் துணியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார். "இந்த ஊர்ல யாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு தோணலை. எங்கே தேடணும், யாரைக் கேட்கணும்னு வேணா சொல்லித் தரலாம். கண்டுபிடிக்கிற வேலை பையனோடதுதான்."

தொலைந்தது என்று நினைத்தேன். வாத்தியாருக்கே தெரியாத படிப்புக்கு எந்த வியாபாரி சம்பளம் கட்டுவார்? தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று அந்த நல்ல மனுஷர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தா எழுந்து சலாம் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"பேனா வச்சிருக்கியா?" என்றார்.

"அத்தா?"

"தெரியாதுன்னு சொல்றாரே, அவருகிட்டப் படி. எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கினுதானே நான் அத்தர் தெளிச்சேன்."

நான் கொண்டுவந்திருந்த விண்ணப்பத்தை வராந்தாச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். என் அவசரத்தில் பேனா மூடி எங்கோ உருண்டு போயிற்று. தேடக்கூட இல்லை, ஆபீஸ் அறைக்கு ஓடினேன்.

வகுப்பு ஆரம்பித்த முதல் நாள் அந்திக்கு முன்பே சைக்கிளில் பறந்து வீடு வந்தேன். கிடங்கில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரம் அது. ஆனால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கூடத்தில் அத்தா சட்டை மாற்றி, சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் எனக்கும் ஒரு பாய் போட்டிருந்தது.

"வா, உக்காரு" என்றார். "இன்னிக்கு இன்னா சொன்னாங்க? மொதல்லேருந்து சொல்லு. எதையும் வுட்றாதே."