டெய்லர் சம்சாரம் பின்னிய குஷன் உறை

அந்தத் தெருவில் அவரை அளவு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் கடைப் படி ஏறும்போதே இடுப்பு எத்தனை, தோள் எத்தனை என்று சொல்லிவிடுவார். அப்புறம் டேப்பை எடுத்து அளந்து காட்டுவார். கால் அங்குலம்கூடத் தப்பாது. வந்தவர் வாயைப் பிளக்க, மாஸ்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறார் என்று சொன்னாலும் தப்பில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், துணி வெட்டுகிற மேசை, இஸ்திரிப் பெட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு மர நாற்காலி. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் குடித்தனம்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் தலையணை உறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்ன இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. குடு இப்படி" என்று ஊசியை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு பட்டன்கூட அவள் தைத்ததில்லை.

போன வருஷம் சலவைக்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். வந்தவள் பழம், பிஸ்கட் என்று எதுவும் வாங்கி வரவில்லை. ஒரு பை நிறையக் கம்பளி நூல் கொண்டுவந்தாள். சுண்டுவிரல் மொத்தத்துக்கு நூல், மழைமேகத்தின் சாம்பல் நிறம். கூடவே மரத்தில் தடியாக ஒரு கொக்கி ஊசி.

"சும்மா மேல பாத்துட்டே படுத்திருந்தா பைத்தியம் பிடிச்சிரும்க்கா. குரோஷா போடுங்க. மெல்லிசு நூல்னா கண்ணு போயிரும். இது தடி நூல், மளமளன்னு வளரும்" என்றாள்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. திரையை ஒதுக்கிவிட்டு மெஷினில் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்த்தார். அவள் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, வீடியோவை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போட்டாள். மாலைக்குள் ஒரு சாண் வந்தது. பார்த்தாள், உதடு பிதுக்கினாள், ஒரே இழுப்பில் மொத்தத்தையும் பிரித்துவிட்டாள். மறுநாளும் அதே கதைதான். மூன்றாவது தடவை பிரித்தபோது மாஸ்டர், "விடேன், எதுக்கு இந்த வம்பு?" என்றார். அவள் தலை தூக்கவில்லை. எண்ணிக்கை தவறிவிடுமாம்.

நாலாவது வாரம் ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். கட்டிலில் அது கிடந்தது. குஷன் உறையின் முன்பக்கம். நடுவில் இரண்டு தடிச் சடைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிப் போயின. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக மொட்டுகள், கொண்டைக்கடலை அளவுக்கு உப்பிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு மொட்டுக்கும் நூலை ஐந்து தடவை இழுத்து ஊசியிலேயே வைத்திருந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் மூட வேண்டும் என்று அவள் சொன்னாள். தடவினால் விரலுக்கு வேறு வேலை ஓடாது. அவர் தடவினார்.

அப்போதுதான் வயிற்றில் அது ஆரம்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் ஒரு எரிச்சல். இதெல்லாம் இவளுக்கு எப்போது வந்தது? யாரைக் கேட்டு வந்தது?

அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்துக் கழுத்து டேப்பை உருவினார். ஒரு மூலையாவது இழுத்துக்கொண்டிருக்கும், அரை அங்குலமாவது கோணியிருக்கும் என்று அளந்தார். ஒரு பக்கம் பதினெட்டு. அடுத்தது பதினெட்டு. மூன்றாவது, நாலாவது, பதினெட்டேதான். அவள் டேப்பைத் தொட்டிருக்கவே இல்லை. மாஸ்டர் குறுக்காகவும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, தோற்றவர் மாதிரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

பின்பக்கத்தையும் அவளே சாதாரணப் பின்னலில் போட்டு, இரண்டையும் இணைத்து, பழைய தலையணைப் பஞ்சை உள்ளே அடைத்துவிட்டாள். "அந்த மர நாற்காலியில வைங்க. வர்றவங்களுக்கு முதுகு வலிக்குமில்ல" என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார், அகப்படவில்லை.

அன்றிலிருந்து கடையில் அவர் கதை போச்சு. வருகிறவர் உட்காருவார், முதுகில் ஏதோ மெத்தென்று படும், திரும்பிப் பார்ப்பார், எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மாஸ்டர், "உங்க தோள் பதினேழரை" என்பார். வந்தவர் மொட்டுகளை அமுக்கிக்கொண்டே, "ஓ, அப்படியா" என்பார். கல்யாணக் கோட்டு தைக்கக் கொடுத்த ஒருவர், கோட்டைப் போட்டுப் பார்க்கும்போதும் குஷனைக் கீழே வைக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டே நின்றார். இரண்டு வாரம் ராவும் பகலுமாக இழைத்த கோட்டு அது.

அந்த வாரம் பல் டாக்டரம்மா வந்தார். அடுத்த தெரு மாடியில் கிளினிக் வைத்திருப்பவர். வெள்ளைக் கோட்டின் கையைக் குறைக்க வேண்டும் என்று வந்தவர் குஷனைப் பார்த்ததும் கோட்டை மறந்தார்.

"மாஸ்டர், இது எங்க கிடைச்சது?"

திரைக்கு அந்தப் பக்கம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி குனிந்துகொண்டார்.

"கடையில வாங்கினதுதாங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, வீட்டுச் சாமான் கடை ஒண்ணு பெரிசா இருக்கே, அங்க."

வாய் தவறி வந்தது என்று சொல்ல முடியாது. அவருக்கு அது ரொம்ப நிதானமாகத்தான் வந்தது. டாக்டரம்மா போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க மாஸ்டருக்கு மெஷின் லேசாக ஓடியது. லேசாக ஓடுகிறதே என்பதுதான் பயமாகவும் இருந்தது.

பத்து நாள் கழித்து அவர் நூல் வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா மறுபடி வந்திருக்கிறார். மாஸ்டர் திரும்பி வந்தால் நாற்காலி வெறும் மரமாக இருந்தது. மனைவி காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா வந்தாங்க. நீங்க சொன்ன கடையில ரெண்டு தடவை போய்த் தேடினாங்களாம். இல்லையாம்" என்றாள்.

மாஸ்டர் நூல் பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"நீ என்ன சொன்ன?"

"வேற கடையா இருக்கும், அவருக்கு மறந்திருக்கும்னு சொன்னேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, தட்டை ணங்கென்று வைக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் கேட்டதற்கு மட்டும் பதில். அவள் கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி அன்றைக்கே முடித்திருப்பார். குஷன் அலமாரிக்குள் போய்விட்டது. வந்தவர்கள் எல்லாம், "எங்க மாஸ்டர் அந்த மெத்து?" என்று கேட்டார்கள். அப்போதும் எரிந்தது. இல்லாத குஷனுக்குக்கூட இத்தனை விசாரிப்பா?

நாலாம் நாள் மாவுக்கட்டைப் பிரிக்க அவளை அவள் தங்கை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மாஸ்டர் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். அவள் பையிலிருந்து மீதிக் கம்பளி நூலையும் கொக்கி ஊசியையும் எடுத்தார். முப்பது வருஷம் ஊசி பிடித்த கை. அவளால் முடிந்தது தனக்கு ஒரு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டார்.

சங்கிலி வந்தது. திரும்பி வருகிற வரிசையில் ஊசி கண்ணிக்குள் நுழைய மாட்டேன் என்றது. அவர் கை எல்லாவற்றையும் இறுக்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்தி இழுத்தார். பதினாறு கண்ணியில் ஆரம்பித்தது அடுத்த வரிசையில் பதினைந்து ஆனது, அப்புறம் பதிமூன்று. எங்கே தொலைகிறது என்றே தெரியவில்லை. ஒரு மொட்டு போட்டுப் பார்த்தார். அது முன்பக்கம் வராமல் பின்பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"மாஸ்டர், என்ன பண்றீங்க, மீன் வலையா?" எதிரே இரும்புச் சாமான் விற்கிற ஆணிக்காரர் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துக் கேட்டார்.

"போய்யா அந்தப் பக்கம்."

ஆணிக்காரர் போனார். ஆட்டோ வந்து நின்றது மாஸ்டருக்குக் கேட்கவில்லை. மனைவி தங்கையின் தோளைப் பிடித்தபடி வீட்டின் பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டாள். தங்கை அக்காவைக் கடை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அதே ஆட்டோவில் வேலைக்குப் போய்விட்டாள். மாஸ்டர் கையில் முக்கோணமாக ஒரு சாம்பல் துண்டு இருந்தது.

அவள் கையை நீட்டினாள். கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு இறுக்கினா எப்படி நுழையும்? ஓரத்துக் கடைசிக் கண்ணியை விட்டுட்டு விட்டுட்டுத் திரும்பியிருக்கீங்க. அதான் சுருங்குது."

"ம்."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

மாஸ்டர் வெட்டு மேசையின் விளிம்பைத் தடவினார். பொய் ஒன்று நுனி நாக்கு வரை வந்தது. அதை விழுங்கினார்.

"வயிறு எரிஞ்சுது. அவ்வளவுதான். எல்லாரும் அதையே தடவுறாங்க. நீ டேப்பே இல்லாம பதினெட்டுக்குப் பதினெட்டு போட்டிருக்க. நான் அளந்து பாத்தேன்."

"தெரியும். அளந்துட்டுக் கலைச்சுப் போட்டிருந்தீங்க."

அவள் அந்தத் துண்டை மடியில் வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கு ரெண்டு வாரமா எரியுது. எனக்கு எத்தனை வருஷமா எரியுதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? கோட்டைப் போட்டுட்டு வந்து உங்க கையைப் பிடிச்சுக் குலுக்குவாங்க. நான் திரைக்குப் பின்னாடி நின்னு பாப்பேன். நான் ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறேன். யாரும் வந்து கை குலுக்கினது இல்ல. ஊசி புடிச்சேன், அதையும் நீங்க வாங்கிக்கிட்டீங்க. அன்னைலேர்ந்து நீங்க தைக்கிற எதையுமே நான் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. கவனிச்சீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். சொன்னதே இல்லை. அவள் அதிகம் பேசாத சுபாவம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார்.

"நல்லா இல்லையா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கும். அதனாலதான் சொல்லல."

மாஸ்டர் எழுந்து போய் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார். வெளிச்சம் வந்தது. அப்புறம் போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். "அந்தக் குஷன் கடையில வாங்கினது இல்லைங்க. நான் பொய் சொல்லிட்டேன். எங்க வீட்டுல போட்டது. என் சம்சாரம்" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "இல்லைங்க, எனக்கு வராது. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்" என்றும் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது.

டாக்டரம்மா கிளினிக்குக்கு நாலு கேட்டார். பின்பக்கம் துணியாக, ஜிப் வைத்து, துவைக்கக் கழற்றுகிற மாதிரி வேண்டும் என்றார். அவள் நாலு முன்பக்கமும் போட்டு மேசைமேல் வைத்தாள். துணி வெட்டும்போது மாஸ்டருக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துத் தைத்தால் போதும், மொத்த உறையும் கோணிவிடும், பழி பின்னல் மேல் விழும். அந்த எண்ணத்தோடேயே மெஷினில் உட்கார்ந்தார். கை கேட்கவில்லை. முப்பது வருஷமாக நேராகப் போன கை இப்போதும் நேராகவே போனது. ஜிப் வெளியே தெரியாமல் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. அவள் ஒன்றை எடுத்துத் திருப்பி, நகத்தால் தையலைக் கீறிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முகத்தில் தெரிந்தது.

இருவருமாகவே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்த கையை எடுத்து மொட்டுகளை அமுக்கிப் பார்த்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டர் தைத்த பின்பக்கத்தை ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மாடிப்படியில் அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவர் ஒரு படி முன்னால் இறங்கி நின்று நின்று போனார்.

"ஜிப்பு எங்க இருக்குன்னே தேடினாங்க இல்ல, அந்த நர்ஸு" என்றாள் அவள்.

"தேடினாங்களா? நான் பாக்கலையே."

"தேடினாங்க."

அது நிஜமா, அவருக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இப்போதும் யாராவது அவள் பின்னலைப் புகழ்ந்தால் அவருக்குச் சுருக்கென்று ஒன்று குத்தும். அவரை யாராவது புகழ்ந்தால் திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடும். இருவருக்கும் அது கேட்கும்.