முதலில் சேர்

வயர் வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு திரேசம்மா காரின் எஞ்சினுக்குள் குனிந்தபோது, அவள் கணவன் வின்சன்ட் முதலாம் மாடிப் பல்கனியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றான்.

"வயரை வெட்டினா பிறகு ஒட்டேலாது."

"ஒட்டி என்ன செய்ய? செத்த சாமான்."

வெட்டினாள்.

செத்த சாமான் ஒட்சிசன் சென்சர். பெருவிரல் அளவில் ஓர் உலோகக் குமிழ். எஞ்சினிலிருந்து இறங்கும் புகைக்குழாயில் பத்து வருடமாக முறுக்கியபடி இருந்தது. பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அதையும் குழாயையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. அது புகையை மோந்து சொன்னால்தான் எவ்வளவு பெற்றோல் விடுவது என்று எஞ்சினுக்குத் தெரியும். மோப்பம் போனதிலிருந்து வெள்ளைக் கொரோல்லா சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் இருமி அணைந்தது.

விமான நிலையப் பக்கம், டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தில் அவளுக்கு விடிய நாலு மணிக்கு வேலை. வீடிருக்கும் லாசாலில் இருந்து அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க பஸ் இல்லை. கார் அணைந்து இரண்டு தரம் பிந்திவிட்டாள். மூன்றாம் தரம் பிந்தினால் வரவேண்டியதில்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நாளைக்கும் வேலை. கராஜ்காரன், புதன்கிழமை பார்க்கலாம், துருவேறியிருக்கிறது, குழாயோடு வந்தாலும் வரும் என்றான். புதன்கிழமை அவளுக்கு உதவாது. உதிரிப்பாகக் கடையில் புதுச் சென்சர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மட்டக்களப்பில் தட்டெழுத்து வகுப்பு நடத்தியவள். இங்கே கார் பரீட்சையில் மூன்று தரம் தவறி, நாலாம் தரம் உறைபனிக்குள் ஓட்டிச் சித்தியடைந்தாள். வின்சன்டுக்கு லைசென்ஸ் கிடையாது. அபிப்பிராயங்கள் உண்டு.

வயர் போனதும் வளைய ஸ்பானர் சென்சரின் தலையில் தொப்பி மாதிரி இறங்கியது. நேற்றே துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தாள். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, குழாயையும் சூடாக்கியிருந்தாள். ஸ்பானரின் வாலில் ஒரு தண்ணீர்க்குழாய்த் துண்டை மாட்டி, இடப்பக்கம் இழுத்தாள். அசையவில்லை. காலை பம்பரில் ஊன்றி இழுத்தாள். ஸ்பானர் வழுக்கி, விரல்மூட்டு இரும்பில் உரசித் தோல் போனது.

மேல்மாடி ஞானேந்திரன் குப்பைப்பையோடு படியால் இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வாய் சும்மா இராது.

"என்ன திரேசக்கா, காருக்குப் பல்லுப் பிடுங்கிறியளோ?"

"ஓம். அடுத்தது உங்கட முறை."

"எனக்குக் கட்டுப்பல்லு. லேசாக் கழரும்." போய்விட்டார்.

ஒரு மணி நேரம். சென்சரின் ஆறு மூலைகளில் ஒன்று மழுங்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு மழுங்கினால் ஸ்பானர் பிடிக்காது. அதற்குப் பிறகு புதன்கிழமைதான். வேலை போன புதன்கிழமை.

அவள் கவிழ்த்த பால்பெட்டியில் குந்தினாள். உதிரிப்பாகக் கடைப் பெண்ணுக்குப் போன் அடித்துக் கேட்கலாம். புருவத்தில் வளையம் போட்ட சின்னப் பெண். சென்சரைத் தரும்போது என்னவோ சொன்னாள். ஆனால் தொலைபேசியில் பிரெஞ்சு பேசுவதென்றால் திரேசம்மாவுக்கு நாக்கு ஒட்டிவிடும். நேரில் என்றால் மற்றவரின் கையைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். தொலைபேசியில் கை தெரியாது.

கை.

அந்தப் பெண்ணின் கை என்ன செய்தது?

அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல், திரேசம்மா வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் கொப்பியில் எழுதி வைத்தது. இறுக்கு என்பதற்கு அவர்கள் 'சேர்' என்பார்கள். தமிழ்ச் சேர் மாதிரியே, இரண்டைச் சேர்த்து இறுக்குவது. கழற்றுவதற்கு 'தெசேர்'. கடைப் பெண் விறுவிறுவென்று சொன்னதில் முதலில் சேர் வந்தது, பிறகு தெசேர். பெண் வாய்தவறிச் சொல்லித் திருத்திக்கொண்டாள் என்று திரேசம்மா நினைத்துவிட்டாள். தான் பேசும் பிரெஞ்சு அப்படித்தான். பிழையான சொல் முதலில் விழும், சரியானது பின்னால் ஓடிவரும். ஆனால் அந்தப் பெண் பிறந்ததே இந்தப் பாஷையில். அவளுக்கேன் நாக்குத் தவற வேண்டும்? அவள் கையும் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியது. பிறகுதான் இடப்பக்கம்.

எழுந்தாள். எஞ்சினை மறுபடி சூடாக்கி நிறுத்தினாள். மழுங்காத மூலைகள் பிடிக்கும்படி ஸ்பானரை மாற்றிப் போட்டாள். வலப்பக்கம் தள்ளினாள்.

"மற்றப் பக்கம்!" மேலேயிருந்து வின்சன்ட். "இறுக்கிறாய் நீ!"

"ஓம். இறுக்கிறன்."

"விசரா உனக்கு?"

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

முழு உடம்பையும் சாய்த்தாள். டக் என்று, காய்ந்த கொட்டை உடைவது போல் ஒரு சத்தம். குழாய் உடைந்துவிட்டதோ என்று கை நின்றது. துணி சுற்றிய விரலை விட்டுத் தடவினாள். உடைந்தது துரு, அதன் தூள் ஒட்டியது. குழாயில் வெடிப்பில்லை. இப்போது இடப்பக்கம் இழுத்தாள். ஒரு நூல் அளவு வந்தது. எண்ணெய் விட்டாள். திரும்ப வலம், திரும்ப இடம். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட. கீச்சிட்டுக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு சுற்றும் கையாலேயே கழன்றது. புகைக்கரி பிடித்த அந்தக் குமிழைப் பால்பெட்டியில் வைத்தாள்.

வின்சன்ட் கீழே இறங்கி வந்து அதைப் பார்த்தான். புதுச் சென்சரின் மரைக்குப் பூசும் பசையை அவனே பிதுக்கிக் கொடுத்தான். அவள் விரலால் முறுக்கி, பிறகு ஸ்பானரின் திறந்த வாயால் இறுக்கினாள்.

"சேர்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, புதுச் சென்சரோடு வந்த வயரைச் செருகினாள்.

பின்னேரம் நாலரை மணிக்கு இரண்டு பேரும் காரில் ஏறினார்கள். டோர்வல் பக்கமாக ஓட்டினாள். முதல் சந்தி பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதும்.

"இண்டைக்கு ஆண்டவன் வழி விட்டுத்தான் இருக்கிறான்," என்றான் வின்சன்ட்.

"எனக்குச் சிவப்பு வேணும்."

நாலாவது சந்தியில் மஞ்சள் விழுந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்க அடிக்க, போக இடமிருந்தும் போகாமல், கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். சிவந்தது. காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எஞ்சின் இருமவில்லை.