இடம் மாறிய கூம்பு

ஆய்வகத்தில் அவருக்கு 'ஒருதடவை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே 'சார்'. எதையும் மறுபடி பார்ப்பது கையாலாகாதவன் வேலை என்பது அவர் கட்சி. "எனக்குக் கை தப்பாதும்மா" என்று கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் அலட்டிக்கொள்வார். தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

வேலை இதுதான். நம் உடம்பில் நோய் எதிர்ப்பு உயிரணு உருவாகும்போது, ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டித் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டை வைத்துத்தான் கிருமியைப் பிடிக்கும் தனக்கான ஆன்டிபாடியைச் செய்கிறது. ஒன்றின் ஒட்டு இன்னொன்றுக்கு வராது. ஆகவே சாதாரண வீக்கத்துச் சதையை மெஷினில் ஓட்டினால் திரையில் விதவிதமாய்ச் சின்ன மேடுகள் வரும். அந்த அணுக்களில் புற்றுநோய் என்றால் ஒரே அணு பெருகிக் கிடக்கும், ஒற்றைக் கூம்பு நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஊசியில் வந்த சதை ரொம்பக் கொஞ்சம் என்றால், இருக்கிற நாலைந்து அணுவில் ஒன்று தற்செயலாகக் கூம்பு காட்டி ஏமாற்றிவிடும். அதனால் இரண்டு முறை ஓட்ட வேண்டும். நிஜக் கூம்பு அதே இடத்தில் வரும், பொய்க் கூம்பு இடம் மாறும். இந்தச் சின்ன விதிக்குக்கூட மனுஷனுக்கு உடம்பு வளையாது.

லாரி டிரைவர் ஒருவரின் கழுத்துக் கட்டியிலிருந்து பொட்டுச் சதை வந்தது. ஓட்டினார், கூம்பு. புற்றுநோய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நம் ஆளின் மனைவிக்கே கழுத்தில் கட்டி. அதே பொட்டுச் சதை, அதே ஒற்றைக் கூம்பு. சூரப்புலிக்கு முகம் வெளிறிவிட்டது.

போன் அடித்தது. "என்னங்க, ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் கெஞ்சாத குறையாக, "இன்னொரு தடவை ஓட்டேன்" என்றார். இரண்டாவதில் கூம்பு இடம் மாறியது. மூன்றாவதும் ஓட்டச் சொன்னார். அதில் இன்னொரு இடம். அப்பாடா! மேஜையில் தலை கவிழ்த்து விசும்பி விசும்பி அழுதார்.

"சார், டிரைவர் சாம்பிளும் இவ்வளவுதான் இருந்துச்சு" என்றாள் அவள். "மிச்சம் ஃப்ரீசர்ல இருக்கு. நாளைக்கு அவருக்கு மருந்து ஏத்தப் போறாங்க."

கண்ணைத் துடைத்தார். "அது கையெழுத்துப் போட்டு அனுப்பினது. இப்போ மாத்தினா என் பேரு என்ன ஆகும்?"

"உங்க வீட்டம்மாவுக்கு மூணு தடவை, அந்தாளுக்கு ஒண்ணா? வெக்கமா இல்ல?"

ஃப்ரீசரிலிருந்து டிரைவரின் குழாயை எடுத்து அவளே ஓட்டினாள். கூம்பு இடம் மாறியது. உடனே வார்டுக்குப் போன் செய்து மருந்தை நிறுத்தச் சொன்னாள். சேதி கேட்டுத் தலைமை டாக்டர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

நம் ஆள் முந்திக்கொண்டார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு டாக்டர்."

"அப்பவேவா?" என்றார் டாக்டர். "அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

போன் மறுபடி அடித்தது. வீட்டிலிருந்துதான். நல்ல சேதி சொல்ல வேண்டிய போன், ஆனால் டாக்டர் பதிலுக்குக் காத்து நிற்க, அதை எடுக்கவும் அவருக்குக் கை வரவில்லை.