கடிகாரம் இல்லாத அறையில்

தொண்ணூறுகளின் நடுவில், மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நடந்தது இது. நான் அப்போது முதுகலை மாணவி. அங்கே பல்கலைக்கழகத்தில் மனித உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், வெளிச்சமும் சத்தமும் புகாத ஓர் அறையில் ஒரு மாதம் தனியாகத் தங்க ஆள் தேடினார்கள். திருநகரில் எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு நாலு பேர். வேளைக்குச் சாப்பாடு, பரீட்சைக்குப் படிக்க அமைதி என்றதும் குதித்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தேன்.

உள்ளே ஜன்னல், கடிகாரம், ரேடியோ எதுவும் கிடையாது. தூக்கம் வந்தால் விளக்கை அணைக்க வேண்டும், விழித்தால் போட வேண்டும். பசித்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் இரட்டைக் கதவுக்கு நடுவே சாப்பாடு வந்திருக்கும். வைத்தவர் முகம் தெரியாது. முடியவில்லை என்றால் மணி அடிக்கலாம். அடித்தால் ஆராய்ச்சி அத்தோடு சரி.

ஒரு தூக்கம் ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது. போகப் போக என் மூச்சுச் சத்தமே பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போலக் கேட்டது. திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். வெளியே உலகமே இல்லாமல் போயிருந்தால் என்று தோன்றும். அப்புறம் சாம்பார் எங்கிருந்து வருகிறதாம் என்று என்னையே கேலி செய்துகொள்வேன்.

உள்ளே வருவதற்கு முதல் நாள்தான் மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளித்திருந்தேன். என் கணக்குப்படி பன்னிரண்டாம் நாளே மறுபடி வந்துவிட்டது. என் அம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தவர். அவருக்கும் நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மாவின் முகத்தை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று என்னைச் சொல்வார்கள். நோயையும் கொடுத்துவிட்டாரோ?

நடுராத்திரி என்று தோன்றியது. தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டுமே என்று தயங்கித் தயங்கி மணியை அடித்தேன்.

கதவு திறந்தது. வெளியே சுள்ளென்று வெயில்! எனக்குத் தலை சுற்றியது. ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அக்கா ஓடி வந்தார்.

"நடுராத்திரில எழுப்பிட்டேன்க்கா..."

"என்னம்மா சொல்ற? இப்ப மத்தியானம். ஏன் அழுற?"

அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வந்து எம்புட்டு நாளாச்சுன்னு நினைக்கிற?"

"பன்னெண்டு நாள்க்கா."

"மூணு வாரம் தாண்டிருச்சும்மா. நீ முழிச்சா ஒன்றரை நாள் வரைக்கும் முழிச்சிருக்க. அப்புறம் தூங்கி எந்திரிச்சு, அதை ஒரு நாள்னு எண்ணிருக்க. உனக்கு வர வேண்டிய நாள்லதான் வந்துருக்கு."

அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். டாக்டரும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நிம்மதிதான். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது உடம்பு சிலிர்த்தது. நான் தொலைத்த நாட்களையெல்லாம், சூரியனையே பார்க்காமல், எனக்குள் ஏதோ ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கணக்கும் அம்மா கொடுத்ததுதானே? அதன் பிறகு மாதா மாதம் நாள் தப்பாமல் வந்தபோதெல்லாம், அம்மா எனக்குள் உட்கார்ந்து நாள் எண்ணிக்கொண்டிருப்பதாகவே பட்டது. ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.