கண்டக்குழியில் ஸ்கோர் சொல்வதில்லை

பாலாவிச் சந்தியில் வேனை ஓரம் கட்டி ஒரு பிளேன்டீ சொல்லியிருந்தேன். தேநீர் வருவதற்குள் நஸீர் நானாவின் மருமகனிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா மவுத்தாகிட்டார்" என்று சாவுச் செய்தியைச் சொன்னார். புத்தளம் ஆஸ்பத்திரியில் நானாவை ஒப்படைத்துவிட்டு, விடுதி வேனோடு நான் கண்டக்குழிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. சந்தியில் லொறிகள் வழக்கம்போல் ஹோன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றின்மேல் பெரும் கோபம் வந்தது.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் பாதித் தூரம் ஓடி ஒரு வாரம் ஓய்வெடுக்கும் இந்த நாட்களில், நமது சிறிய ரசிகர் குழுவுக்கு நான் ஒரு கணிப்பு எழுதி அனுப்புவது உங்களுக்குத் தெரியும். எழுத்து என்னுடையதாக இருந்தாலும் அதில் பாதிக் கதை நானாவுடையது. இம்முறை எழுத உட்கார்ந்தால் எந்த அணியும் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. நம் அணி அட்டவணையின் அடியில் கிடக்கிறது. அதைச் சொல்ல ஒரு கணிப்பு தேவையில்லை.

நானா எங்கள் விடுதிக்கு மீன் கொண்டுவருபவர். ஒருநாள் குசினி மேசையில் ஒரு விருந்தாளியின் போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மீன் பையிலிருந்து தரையெல்லாம் தண்ணீர் சொட்ட, ஆட்டம் முடியும்வரை அசையாமல் நின்றார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. கடைசியில் சொன்னார்: "பந்து கைய விட்டுப் போனாப் பொறகு எல்லாரும் மேல பாத்துக்கிட்டு சும்மா நிக்கிறாங்க, பாத்தியா? ஆருக்கும் ஒண்டும் செய்யேலாது. அந்த நேரந்தான் அழகு." அன்று பிடித்த பைத்தியம் அவரை விடவில்லை.

மேற்குக் கடல் அடங்கிப் படகுகள் இறங்கும் ஒக்டோபரில்தான் அந்த லீக்கும் தொடங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிப் படகுகளைக் கரையேற்றும்போது அங்கேயும் பெரும்பாலான அணிகள் வீட்டுக்குப் போயிருக்கும். இதை அவர் தற்செயல் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலையில் வரும். அப்போது நானா கடலில் இருப்பார், போனுக்கு சிக்னலும் இராது. நான் ஆட்டத்தைப் பதிவு செய்து வைப்பேன். அவர் கரையேறி, மீனைக் கொடுத்து, குசினியில் பாணும் தேநீருமாக உட்கார்ந்து பார்ப்பார். அதுவரை கரையில் யாரும் ஸ்கோரைச் சொல்லக்கூடாது.

சிலாபத்திலிருந்து ஐஸ் லொறி ஓட்டிவரும் சுனிலுக்கு முதலில் இது தெரியாது. அவனும் நம் அணியின் ரசிகன். படகு மணலைத் தொடும் முன்பே, "நானா, நம்ம ஆளுங்க தோத்திச்சி நே!" என்று தன் சிங்களத் தமிழில் கத்திவிட்டான். "ஐஸ் விக்க வந்தா ஐஸ மட்டும் வில்லு" என்று நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவர் ஆட்டம் பார்க்கவேயில்லை. அதன்பிறகு சுனிலைப்போல் ஒரு காவல்காரன் கிடையாது. விடுதி விருந்தாளிகள் தங்களுக்குள் கூடைப்பந்தைப் பற்றிக் கதைத்தால்கூட, வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவருவான்.

ஆனால் நானா வெறுமனே காத்திருப்பவர் அல்லர். "கடல்ல நான் ஒண்டு பாத்துட்டன். இனி நீ உன்டயக் காட்டு" என்றுதான் குசினிக்குள் நுழைவார். வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அவர் மனதுக்குள் முழு ஆட்டமும் நடந்து முடிந்திருக்கும். அந்த ஆட்டத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. உயரமான மனிதர்கள் விடியல் வெளிச்சத்தில் நீர்மேல் ஓடுவார்கள். எறிந்த பந்து இறங்க மனமில்லாமல் வெகுநேரம் மிதக்கும். எதிரணிக்காரர்களும் நின்று ரசிப்பார்கள். அவருடைய கடல் ஆட்டங்களில் நம் அணி ஒருபோதும் தோற்றதில்லை. பல நாள் உண்மை ஆட்டத்தைவிட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி நாள் அவர் கரையேறி, படகின் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வேனில் ஏற்றினோம். பின்னால் மருமகன் அவரைத் தாங்கிப் பிடித்திருக்க, நான் ஓட்டினேன்.

"இண்டைக்கு கடல்ல தோத்துட்டம்டா" என்றார் நானா. "கடைசி குவாட்டர்ல நம்மட பொடியன்ட இடது கை எழும்பவே இல்ல."

கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய இடது கை மடியில் அசைவில்லாமல் கிடந்தது.

"கதைக்காம இருங்க மாமா" என்றார் மருமகன்.

"நீ ஸ்கோரச் சொல்லப்படாது, என்ன? வந்து பாக்குறன்" என்றார் என்னிடம்.

அன்று காலை நம் அணி, அட்டவணையின் உச்சியில் இருந்த அணியை வென்றிருந்தது. தோல்வியை நினைத்துக்கொண்டு அவர் போய்விடுவாரோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. உப்பளங்களைக் கடக்கும்போது தாங்க முடியவில்லை.

"நானா, வெண்டுட்டம்" என்றேன். "கடைசி செக்கன்ல."

அவர் கண்ணைத் திறந்தார். "அடேய், கெடுத்துட்டியேடா!" என்றார். குரலில் பழைய கோபம் அப்படியே இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, சொல்லு. எப்படிப் போட்டான்?" என்று கேட்டார்.

சொன்னேன். பந்து கைமாறிக் கைமாறி மூலைக்கு வந்ததையும், நம் பொடியன் விழுந்துகொண்டே எறிந்ததையும் நானாவைப்போலவே நீட்டி நீட்டிச் சொன்னேன். பந்து கையை விட்டுப் போய்விட்டது, எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொல்லும்போது ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. நானாவும் வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனாஸா அடக்கத்துக்கு சுனிலும் வந்திருந்தான். "நானா அந்த மெட்ச் பாத்ததா?" என்று மெதுவாகக் கேட்டான். இல்லை என்றேன். அழுதான்.

அடுத்த வாரம் லீக் மறுபடி தொடங்கும். நம் அணி மேலே வருமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நானாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தத் திட்டும், சொல்லி முடிக்காத அந்தப் பந்தும்தான். அது இன்னும் கூடைக்குள் விழவில்லை. நானா மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.