முட்டுப் பிரிக்கும்போது அடியில் உட்கார்ந்தவன்

என்னைப் பெற்ற அய்யா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ராமநாதபுரம் போய் ரோட்டு ஆபீசில் ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தேன். சர்க்கார் வேலைக்கு டெண்டர் போட வேண்டுமென்றால் முதலில் அவர்கள் பட்டியலில் காண்ட்ராக்டராகப் பேர் ஏற வேண்டும். அய்யா பேர் அதில் இருந்தது. ஆள் போனதும் பேரையும் எடுத்துவிட்டார்கள்.

பாம்பன் ரோட்டில் நாலு சின்னப் பாலத்துக்கு டெண்டர் வரப்போகிறது என்று பேச்சு. அதற்குள் என் பேர் ஏறாவிட்டால் அய்யாவோடு இருந்த ஆறு கொத்தனார்களும் தூத்துக்குடிக்குப் பிழைக்கப் போய்விடுவார்கள். போக மனசில்லாமல் அக்காள்மடத்தில் எங்கள் வீட்டு வாசலில் தினமும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலையில்லாத கொத்தனாரைப் போலச் சாப்பிடுகிறவர்களை நான் கண்டதில்லை.

நான் அஞ்சாவதோடு நின்றவன். பாரம் முழுக்கக் கட்டம். முதல் கட்டத்தில் 'தளவாடங்கள்' என்று இருந்தது. ஆத்தாவிடம் கேட்டேன்.

"வேலச் சாமானா இருக்கும். நம்மகிட்ட என்ன கெடக்கோ அத எழுதுலே" என்றாள்.

கரணை ஒன்பது, மட்டப்பலகை இரண்டு, தூக்குக்குண்டு ஒன்று, சுண்ணாம்பு அரைக்கிற செக்கு ஒன்று, செக்கு இழுக்கிற மாடு ஒன்று. மாட்டுக்கு ஒரு கண் தெரியாது என்பதையும் எழுதினேன். பின்னால் தெரிந்தால் என்னைப் பொய்யன் என்பார்களே.

அடுத்த கட்டம், செய்து முடித்த வேலைகள். என்ன வேலை, எந்த மாதம் முடிந்தது, கட்டியது யார். ஏழு வேலை எழுதினேன். 'கட்டியது யார்' என்ற இடத்தில் ஏழிலும் அய்யா பேரை எழுதினேன். யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது.

பத்து நாள் கழித்து, பாரத்தை எடுத்துக்கொண்டு இன்ஜினியரே ரயிலில் வந்து இறங்கினார். புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒல்லியான மனுஷர், தலையில் பெரிய தொப்பி. முதலில் மாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அதன் முன்னால் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணா?" என்றார்.

"அந்தக் கண்ணு சார்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல மாட்டுக் கண்ணைப் பத்தி எழுதினவன் நீ ஒருத்தன்தான்யா" என்று சிரித்தார். கொத்தனார்களும் சிரித்தார்கள். எனக்கும் தைரியம் வந்தது. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"அப்பா எப்போ தவறினார்?"

"சித்திரையில சார்."

"அக்காள்மடம் ஓடைப்பாலம் ஆவணியில முடிஞ்சதுன்னு எழுதியிருக்கே. கட்டினது அவர்னும் எழுதியிருக்கே. செத்தவர் எப்படிப்பா பாலம் கட்டுவார்?" அவர் முகம் மாறிவிட்டது. "பொய்க் கணக்கு காட்டுறவனைப் பட்டியல்ல ஏத்த முடியாது."

பாரத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். ஆத்தா கதவு மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"சாமி, பாலம் இங்கனதான் இருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

போனோம். கொத்தனார்கள் ஆறு பேரும் பின்னாலேயே வந்தார்கள். பாலத்தடியில் நின்று ஆத்தா சொன்னாள்.

"இடுப்பு உசரம் சுவரு எந்திரிக்கையில அவுக போயிட்டாக. வளைவு கட்டி முடிச்சது இவன்."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

மூத்த கொத்தனார் முன்னால் வந்தார். "சார், வளைவு காயிற வரைக்கும் அடியில தாங்கக் குடுத்த மர முட்ட நாங்க சும்மா பிரிக்க மாட்டோம். வேலைய எடுத்தவன் அடியில வந்து உக்காரணும். முட்டு பூராவும் வெளிய வந்து, மேல ஒரு பார வண்டி போற வரைக்கும் அவன் எந்திரிக்கப்படாது. அவன் உக்காரலேன்னா நாங்க முட்டத் தொட மாட்டோம்."

"இங்கே யார் உக்காந்தது?"

"இந்தா நிக்கிறான்ல, இவன்தான். அத ஏன் கேக்குறீக!" சொல்லும்போதே ஆத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேல கருவாட்டு வண்டி ஏறுது. இவன் அடியில கண்ண மூடிக்கிட்டு 'அய்யா, அய்யா'ன்னு கத்துறான். வண்டிக்காரன் என்னமோ ஏதோன்னு பயந்து, நடுப் பாலத்துல வண்டிய நிப்பாட்டிப்புட்டான்!"

"நெசந்தான் சார்" என்றார் ஒரு கொத்தனார். "வண்டி மாடு அதுக்கப்புறம் நகர மாட்டேன்னுருச்சு. கருவாட்டுத் தண்ணி பாலத்து ஓரமா வழிஞ்சு இவன் தலையில சொட்டுது. நாங்க நாலு பேரு வண்டியத் தள்ளுனோம்."

எல்லோரும் சிரிக்க, நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்தார். செங்கல் செங்கலாகத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது வரைக்கும் ஒரு கை. இதுக்கு மேலே வேற கை."

"மேல உள்ளது என் கை சார். கோணலா இருக்கு."

"கோணல்தான். ஆனா பார வண்டி நடுவுல நின்னும் ஒரு கீறல் இல்லை." வெளியே வந்து பாரத்தைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் விரித்து, பேனாவை என்னிடம் நீட்டினார். "அடியில உக்காந்தவன் பேரை எழுது. அப்பா பேரை அடிச்சிடு."

பேனாவை வைத்தேன். கோடு இழுக்க வரவில்லை. அய்யா பேர் மேல் கோடு போட எனக்குக் கை வரவே இல்லை. இன்ஜினியர் பாரத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"சரி, அடிக்க வேண்டாம். சுவர் அவர், வளைவு நீ. அப்படியே எழுது."

எழுதினேன். அய்யா பேருக்கு அடுத்து என் பேர்.

கார்த்திகையில் கடிதம் வந்தது. சின்னப் பாலங்களுக்கான பட்டியலில் கடைசிப் பேராக ஏற்றிவிட்டார்கள். கொத்தனார்கள் அன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள், வழக்கத்தைவிட அதிகமாக. நான் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் என் பேர் மட்டும்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஓடைப்பாலத்துக்குப் போய் அடியில் உட்கார்ந்து அழுதேன்.

மேலே ஒரு வண்டி வந்து நின்றது. கருவாட்டு வாடை. அதே வண்டிக்காரன் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"ஏலே, முட்டு பிரிச்சு எம்புட்டு நாளாச்சு! இன்னுமாலே உக்காந்திருக்க? எந்திரிச்சு வா."

எழுந்து வந்தேன்.