பஹாரோமின் மஞ்சள் காரும் மலையடிச் சில்வண்டுகளும்

தைப்பிங்கில் மழை பெய்யாத நாட்களை எண்ணிவிடலாம். பஹாரோம் காருக்கு அடியில் படுக்காத நாட்களையும் அப்படியே எண்ணிவிடலாம். இருபத்திரண்டு வருடங்களாக அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வலது கால் ஆடிக்கொண்டிருந்தால் வேலை நன்றாகப் போகிறது என்று அர்த்தம். ஆடாவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கார் 1974ஆம் வருடத்து டொயோட்டா செலிக்கா. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். பின் சீட்டில் என்னைப் போன்ற உடம்புக்காரி ஏறினால் இறக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். ஒரு தடவை ஏறினேன், பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

பஹாரோம் முப்பத்தெட்டு வருடம் கோலா செப்பேத்தாங் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். மீன்பிடிப் படகுகளுக்குப் புகைக்குழாய் வெட்டிப் பற்றவைப்பது அவர் வேலை. நாள் முழுக்க இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டி விழும், அரவை மெஷின் அலறும், பக்கத்தில் டீசல் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "காதை மூடிட்டு நான் எதை வெச்சு வேலை பாக்குறது?" என்பாராம். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆற்று வளைவில் படகு தலை காட்டும் முன்பே, சத்தத்தை வைத்து அது யாருடைய படகு என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் கோலா கங்சாரிலிருந்தெல்லாம் பழைய காரோடு ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் கண்ணை மூடி நிற்பார். "மூணாவது பிளக்" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்தான் கெட்டிருக்கும். வந்தவர்கள் வாழைத்தாரோ டுரியானோ வைத்துவிட்டுப் போவார்கள். ஊரில் அவருக்குப் பெயரே 'பாக் தெலிங்ஙா', அதாவது காது மாமா. அந்தப் பெயரைக் கேட்டால் அவர் மீசை தானாக நிமிரும்.

போன நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு வாரத்தில், சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"குணா, மணி போயிடுச்சு."

"எந்த மணி, பாங்?" இங்கே அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"காடில ஒரு மணி உண்டுலா. ஐயாயிரம் சுத்துக்கு மேல மிதிச்சா, குழாய்க்குள்ளருந்து மெல்லிசா அடிக்கும். முப்பது வருஷமா கேட்டுட்டு இருக்கேன். இப்ப இல்ல. நீ கேட்டுப் பாரு."

எங்கள் பேச்சில் காடி என்றால் கார். இன்ஜினை மிதித்துக் காட்டினார். எனக்குத் தெரிந்த மணி கோயில் மணி ஒன்றுதான். கையில் அவசரமாக முடிக்க வேண்டிய சட்டை வேறு இருந்தது. "ஆமா பாங், போயிட்ட மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். அவர் மனைவி ரொக்கியாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் வாசலில் நின்று, "போயிடுச்சுங்க" என்றார்.

அன்று தொடங்கியது வினை. பழைய ரயில் கட்டைகளை அடுக்கிக் காரை அதன் மேல் ஏற்றினார். முதலில் சைலன்சருக்குள் கருகிக் கிடந்த கண்ணாடிப் பஞ்சை மாற்றினார். மணி வரவில்லை. நடுவில் இருந்த டப்பா அடைக்கிறது என்று அதை அறுத்து எடுத்துவிட்டு, அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து நேர்க்குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். பெட்ரோல் டாங்கின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டுதான் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. அப்போதும் மணி வரவில்லை. பின்னால் இருந்த பெரிய சைலன்சரைக் கழற்றிவிட்டு, என் கை முட்டி அளவுக்குச் சின்னதாக ஒன்றை மாட்டினார். ஒவ்வொரு முறையும் சத்தம் ஒரு படி ஏறியது. அவர் முகம் ஒரு படி இறங்கியது. அந்த ஆறு மாதமும் கால் ஆடவே இல்லை.

காலையில் அவர் காரைக் கிளப்பினால் என் தையல் மேசையில் குண்டூசிகள் தானாக நடக்கும். எதிர்வீட்டு லோக் டீச்சர் ரிட்டயர் ஆன ஆள், கறாரானவர். ஆனால் எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், முகத்துக்கு நேரே குறை சொல்கிற வழக்கம் கிடையாது. பலகாரத்தோடு போய்ச் சாடையாகச் சொல்வதுதான் மரியாதை. அந்த அம்மாள் ஒரு தட்டு ஆப்பம் கொண்டுபோய்க் கொடுத்து, "அங்கிள், உங்க காடி பவர்லா. நீங்க முக்கு திரும்பும்போதே என் வீட்டுக் கண்ணாடி ஆடுது" என்றார்.

பஹாரோமுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம். "பழைய இன்ஜின்தானே டீச்சர். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி."

தாமான் கமிட்டித் தலைவர் ஹாஜி மன்சோர் வறுத்த வாழைப்பழத்தோடு போனார். "சுராவ்ல தொழுகையில நிக்கும்போதே நீ கிளம்பினது தெரிஞ்சுது" என்றார். "தெரியும்ல ஹாஜி? மெனக்கெட்டுச் செய்றேன்" என்று இவர் வாழைப்பழத்தை முழுசாக முடித்தார். இரண்டு வீட்டுப் பலகாரம் போனதுதான் மிச்சம். "செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று நான் லோக் டீச்சரிடம் சொல்லிச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, பற்றவைக்கும்போது பறந்த பொறி ஒன்று சுவர் தாண்டி வந்து, கல்யாணச் சட்டைக்கு வெட்டி வைத்திருந்த துணியில் ஓட்டை போட்டது. அதே சாயங்காலம் ஹாஜி மன்சோர் ஒரு தாளோடு என் வாசலுக்கு வந்தார். போக்குவரத்து இலாகாவுக்குப் புகார். மொத்தம் இருபது வீடு, பஹாரோம் வீட்டைக் கழித்தால் பத்தொன்பது. பதினெட்டுக் கையெழுத்து விழுந்திருந்தது.

"காடியை எடுத்துட்டுப் போயிடுவாங்களா, ஹாஜி?"

"ரோட்டுல ஓடக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. எனக்கு மட்டும் ஆசையாலா? சாடையா எவ்வளவு சொல்லியாச்சு. தாள் உன்கிட்டயே இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

ஓட்டை விழுந்த துணி மடியில் கிடந்தது. கையெழுத்துப் போட்டேன். நான் ஒன்றும் உத்தமி இல்லை.

ஆனால் இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. அந்தக் கார் ஓடாமல் போனால் பஹாரோமுக்கு என்ன மிஞ்சும்? இருபத்திரண்டு வருடம் ஒரே சுவரில் துணி காயப்போட்டவள், இலாகா ஆள் வருவதற்கு முன்பாவது நேராகச் சொல்ல வேண்டாமா என்று தோன்றியது. பூனைக்கு யாராவது மணி கட்டித்தானே ஆகவேண்டும். சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

அவர் காருக்கு அடியில் படுத்து, மிச்சமிருந்த அந்தச் சின்ன சைலன்சருக்கு முன்னால் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதையும் அறுத்துவிட்டால் இன்ஜினிலிருந்து வெறும் குழாய்தான்.

"பாங், வெட்டாதீங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழிய இன்னொரு தடவை சொன்னேன்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, வாசல் மேல்படியில் என்னை உட்காரச் சொன்னார். கண் மலைப்பக்கம் போனது. எங்கள் தாமானுக்குப் பின்னால் மலைக்காடு.

"பாத்தியா குணா, இந்த வருஷம் சில்வண்டு கூட இல்ல. அடிவாரத்துல புதுக் கடைவீடு கட்டுறான்ல, மரத்தையெல்லாம் சாச்சுட்டான். எப்பவும் இந்நேரம் காதைத் துளைக்கும்."

நான் உட்காராமல் அப்படியே நின்றேன். அந்த நேரம் சில்வண்டுகள் காடே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தன. நான் தொண்டை கிழியப் பேசியதே அதனால்தான். மெல்லிய சத்தம், கூரான சத்தம் எதுவுமே இந்த மனிதர் காதில் விழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காரின் மணி எங்கேயும் போகவில்லை. லோக் டீச்சரிடம் சொல்லிச் சிரித்த பழமொழி ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பாங், சில்வண்டு கத்துது."

"எங்க?"

"இங்கதான். இப்ப."

"விளையாடாத." சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பி, "கியா" என்று கூப்பிட்டார்.

ரொக்கியா அகப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"சில்வண்டு கத்துதா?"

அந்தப் பெண்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கத்துதுங்க" என்றார்.

"எத்தனை நாளா?"

"அது நிக்கவே இல்லைங்க."

"அப்ப காடியோட மணி?"

நான்தான் சொன்னேன். "அதும் இருக்கு, பாங். பல்லு கூசுற அளவுக்கு இருக்கு."

"நீதானே குணா போயிடுச்சுன்ன?"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"நீ, கியா?"

"இந்தக் காதுதான் நமக்கு சோறு போட்டுச்சு. அதைப் போய் நான் எந்த வாயால சொல்லுவேன்?" அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற வாடை வந்தும் ரொக்கியா நகரவில்லை.

பஹாரோம் என் கையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கினார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "லோக் டீச்சர் பவர்னு சொன்னாங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் என் பெயரும் இருந்தது. அதன் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தார். இரண்டு அறை அறைந்திருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால், அந்தக் குழாயை அறுத்ததில் எங்கள் எல்லோர் கையும் இருந்தது. ஆளாளுக்குக் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் ஆப்பம். ஒருவராவது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடு டப்பாவாவது தப்பித்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் சுவருக்கு அப்பால் இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கழற்றிய எதையும் எறிந்து பழக்கமில்லாத மனிதர். மாடிப்படிக்கு அடியிலிருந்து பழைய சைலன்சரையும் நடு டப்பாவையும் எடுத்து வைத்திருந்தார். புதுப் பஞ்சு திணித்தார், பற்றவைத்தார். நடுநடுவே இன்ஜினைக் கிளப்பி, துணி சுற்றிய கையைக் குழாய் மேல் வைத்து அதிர்வைப் பார்த்தார். மதியம் ரொக்கியா கொண்டுவந்த சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். என் பக்கம் திரும்பவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் ஹாஜி மன்சோர் என் வாசலை நோக்கி வந்தார். பஹாரோம் சுவருக்கு மேல் கையை உயர்த்தினார்.

"தாள் இங்க இருக்கு, ஹாஜி."

ஹாஜி அதை வாங்கிப் பிரித்தார். என் பெயருக்குக் கீழே இருபதாவதாக, பஹாரோம் பின் மாட் ஈசா என்று தகப்பன் பெயரோடு தெளிவாக ஒரு கையெழுத்து இருந்தது.

"இது என்ன?"

"நானும் இந்தத் தாமான்தானே. புகார்ல ஒரு பொய்யும் இல்ல."

ஹாஜிக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. தாளைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே கசக்கினார். "நேராவே சொல்லியிருக்கணும், பஹாரோம். தப்பு என்னோடது" என்றார்.

"சரி, இப்ப சொல்லுங்க. நீங்க கேட் பக்கத்துல நில்லுங்க. குணா, நீ சுவர்கிட்ட. கியா, நீ அடுப்படி."

மக்ரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. மலையடியில் சில்வண்டுகள் தொடங்கிவிட்டன. பஹாரோம் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். வழக்கம் போலக் கண்ணை மூடவில்லை. எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில்வண்டு கேக்குதா?"

"கேக்குது, பாங்" என்றேன். கேட்டது, உண்மையாகவே. ஹாஜியும் தலையாட்டினார்.

கொஞ்சம் மிதித்தார். "இப்ப?"

"கேக்குதுங்க" என்று அடுப்படியிலிருந்து ரொக்கியாவின் குரல்.

இன்னும் கொஞ்சம் மிதித்தார். "இப்ப?"

ஹாஜி செருப்பைப் பார்த்தார். ஆமாம் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

"இல்ல, பாங்" என்றேன். "இப்ப கேக்கல."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, அட்டையை இழுத்துப் போட்டு, காருக்கு அடியில் நுழைந்தார். ஒரு ஸ்பானர் தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கால் ஆடத் தொடங்கியது.